மாமாவின் மட்டையும் ஹாலந்துத் தக்காளியும்

என் மனைவிக்குத் திடீரென்று விவசாயம் பிடித்துவிட்டது. சென்னையில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம் பால்கனியில் ஆறடிக்கு மூன்றடி. அதிலும் பாதியை வாஷிங் மெஷின் ஆக்கிரமித்திருக்கிறது. மீதியில் தக்காளி.

ஒரு நாள் பிளாஸ்டிக் உறை போட்டு, பழுப்பு நிறத்தில், ஓர் அகலமான செங்கல் மாதிரி ஒன்று வீட்டுக்கு வந்து இறங்கியது. எடை 5 கிலோ. 'கோகோபீட்' என்று எழுதியிருந்தது. பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உப்புமா ரவை மாதிரி பொங்கிக்கொண்டே போகிறது. ஒரு பக்கெட் நிரம்பி, இரண்டாவது பக்கெட் நிரம்பி, கடைசியில் குழந்தையைக் குளிப்பாட்டும் டப்பும் நிரம்பிற்று. 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டருக்குக் குறையாமல் வருமாம். விலையை இங்கே எழுதப் போவதில்லை. நான் பி.காம். அந்தப் பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கு அடுத்த வாரம்தான் அரூர் போனேன். மாமா - அம்மாவின் தம்பி - பேரனுக்குத் தீர்த்தமலையில் காது குத்து. போகாமல் இருந்தால் அடுத்த இருபது வருஷத்துக்குப் பேச்சு வாங்கவேண்டும்.

அரூருக்கு ரயில் கிடையாது. மொரப்பூரில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். விடியற்காலையில் இறங்கினால் பிளாட்பாரத்தில் நீங்களும், ஒரு நாயும், ஒரு டீ டம்ளரும்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் புளியமரங்கள், மரவள்ளிக் காடு, தூரத்தில் சித்தேரி மலை எல்லாம் இலவசம். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு மஞ்சவாடி கணவாய் கூடுதல் போனஸ். ஊருக்குள் வந்துவிட்டால் அரூர் மற்ற எல்லாத் தாலுகா ஊர்களையும் போலத்தான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி செல்போன் கடைகள், பேக்கரிகள், பரோட்டா. மஞ்சள், பருத்தி ஏலம் நடக்கிற நாளில் மட்டும் ஊருக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

தீர்த்தமலையில் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிறது. ராமர் அம்பு விட்டு வரவழைத்தது என்று ஐதீகம். இந்த வறண்ட சீமையில் பாறையிலிருந்து தண்ணீர் வந்தால் அதைச் சாமி காரியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பேரன் ஊரே கேட்கும்படி அழுதான். காது குத்து நல்லபடியாக முடிந்தது.

மத்தியானம் விருந்துக்கு அப்புறம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, பேச்சுவாக்கில் பால்கனித் தக்காளியைப் பற்றிச் சொன்னேன். கோகோபீட் விலையையும் சொல்லித் தொலைத்தேன்.

மாமா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"எதுக்கு? தூளுக்கா?"

"ஆமா மாமா."

"நார் மில்லுல கொட்டிக் கெடக்குமே, அந்தத் தூளு?"

"அதேதான்."

"ஏண்டா மாப்ளே, காலேஜுல உன்ன என்னதான் படிக்க வெச்சாங்க?" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் எனக்காகப் பரிந்துகொண்டு, "பாவம், பட்டணத்துல இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். அது இன்னும் மோசம்.

சாயங்காலம் மாமாவே தன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் என்னை உட்காரவைத்து நார் மில்லுக்கு அழைத்துப் போனார். மில் அவர் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அவருடைய தென்னந்தோப்பில் விழுகிற தேங்காயின் உரிமட்டையெல்லாம் அங்கேதான் போகிறது. தூரத்திலிருந்தே தெரிந்தது: சித்தேரி மலைக்குப் போட்டியாக இன்னொரு மலை. பழுப்பு மலை.

இயந்திரம் மட்டையை வாங்கிக்கொண்டு அடி அடியென்று அடிக்கிறது. ஒரு பக்கம் பொன் நிறத்தில் நார் வருகிறது. இன்னொரு பக்கம் தூள் கொட்டுகிறது. மட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் நார், மற்றதெல்லாம் தூள். இங்கிலீஷில் 'பித்' என்பார்கள். மில்லில் எல்லோரும் 'பித்து' என்கிறார்கள். 'இன்னிக்கு பித்து எவ்ளோ ஏறிச்சு?' என்று ஒருவர் கேட்க, 'அஞ்சு டன்' என்று மற்றவர் சீரியஸாகப் பதில் சொல்வதைக் கேட்டால் கொஞ்சம் கலவரமாக இருக்கும்.

முதலாளிக்கு என் வயசுதான். மாமாவுக்கு ஏதோ ஒரு வகையில் பங்காளி முறை. டீ வரவழைத்தார்.

"எங்கப்பா காலத்துல இது சனியன் சார். ரோட்டோரம் கொட்டி வெப்போம். காத்தடிச்சா வண்டியில போறவன் கண்ணுல எல்லாம் விழும். ஒரு பீடித் துண்டு விழுந்தாப் போச்சு, வாரக்கணக்குல உள்ளுக்குள்ளயே புகைஞ்சிட்டிருக்கும். மக்கவும் மக்காது. யாராச்சும் எடுத்துட்டுப் போனா நாங்களே டீ வாங்கிக் குடுப்போம்."

"இப்போ?"

"இப்போ நாரை விடத் தூளுக்குத்தான் மரியாதை" என்று ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். என் மனைவி வாங்கிய அதே செங்கல். "கன்டெய்னர்ல ஹாலந்து போகுது."

அவர் மிகைப்படுத்தவில்லை. இந்தியா 2019-20-ல் ஏற்றுமதி செய்த தென்னை நார்ப் பொருட்களின் மதிப்பு சுமார் 2,757 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி இந்தத் தூள்! கால்மிதியும் கயிறும் பாயும் எல்லாம் சேர்ந்துதான் மீதிப் பாதி.

மாமா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"ஏம்பா, அவனுங்க ஊர்ல மண்ணே கெடையாதா?"

இருக்கிறது. இங்கேதான் விஷயமே. ஐரோப்பாவில் தொட்டிச் செடிக்கும் நாற்றுக்கும் இவ்வளவு காலமாக அவர்கள் போட்டது 'பீட்' என்கிற ஒரு கறுப்பு மண். லேசானது, பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். நம் தூள் அந்தப் பீட்டுக்குப் பதிலாக ஆடுகிற சப்ஸ்டிட்யூட் ஆட்டக்காரர். அதனால்தான் கோகோ'பீட்'. பெயரே கடன் வாங்கியது.

அசல் பீட்டை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, என் நண்பன் ஒருவன் அதற்கு ஒரு ஷூவே காணிக்கை கொடுத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் ஐந்து பேர் ஊட்டி போயிருந்தோம். பைக்காரா போகும் வழியில் சாண்டிநல்லா பக்கம் வேனை நிறுத்தினோம். இரண்டு புல் மேடுகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஒரு பள்ளம். போட்டோவுக்காக நண்பன் அதில் நாலடி எடுத்து வைத்தான். ஐந்தாவது அடி முழங்கால் வரை போயிற்று. மூன்று பேர் இழுத்தோம். கால் வந்தது. ஷூ வரவில்லை. காலில் ஒட்டியிருந்த சேறு மை மாதிரிக் கறுப்பு. சேறு என்றுகூடச் சொல்ல முடியாது. பிசைந்து பார்த்தால் உள்ளே பழைய புல்லின் நார் தெரிந்தது.

சாதாரணமாக ஒரு செடி செத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்த்துவிடும். செடி வாழ்நாளெல்லாம் காற்றிலிருந்து சேர்த்த கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும். மாதச் சம்பளக்காரர் கணக்கு மாதிரி: ஒண்ணாம் தேதி வந்தது, முப்பதாம் தேதிக்குள் போனது. ஆனால் எப்போதும் தண்ணீர் தேங்கிய சதுப்பில் செத்த செடிக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. தின்ன வருகிற கிருமிகளுக்கு மூச்சு முட்டும். அதனால் செடி அரைகுறையாக மக்கி அப்படியே படிந்துவிடும். அதன் மேல் அடுத்த வருஷத்துப் புல். அதற்கு மேல் அதற்கடுத்த வருஷத்துப் புல். இதுதான் பீட். நல்ல சதுப்பில்கூட வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் அதிகம். ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருஷம். ஃபிக்ஸட் டெபாசிட் என்றால் இதுவல்லவோ ஃபிக்ஸட் டெபாசிட்! இதையே பூமி இன்னும் ஆழத்தில் புதைத்துக் கோடிக்கணக்கான வருஷம் அமுக்கினால் நெய்வேலியில் எடுக்கிற பழுப்பு நிலக்கரி. இன்னும் அமுக்கினால் ரயில் எஞ்சினில் போட்ட கறுப்பு நிலக்கரி. பீட் அந்த வம்சத்தில் எல்.கே.ஜி. பிள்ளை.

பீட் எதையும் அழுக விடாது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு கதை உண்டு. கதையல்ல, நிஜம். 1950-ல் டோலுண்ட் என்ற இடத்தில் எரிப்பதற்காகப் பீட் வெட்டியவர்கள் ஒரு மனிதனின் உடலைப் பார்த்துப் போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கழுத்தில் சுருக்குக் கயிறு, கன்னத்தில் லேசான தாடி முள். அண்மையில் நடந்த கொலை என்றே நினைத்தார்கள். கொலை நடந்து சுமார் 2,400 வருஷம் ஆகியிருந்தது! என் நண்பனின் ஷூ பற்றி எனக்கு இப்போது கவலையில்லை. பத்திரமாக இருக்கும்.

நம் ஊட்டிப் பள்ளம் மட்டும் லேசுப்பட்டதா? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமன் சுகுமாரும், அகமதாபாத் ஆய்வுக்கூடத்தின் ஆர்.ரமேஷும், மற்ற சகாக்களும் நீலகிரியின் பீட்டை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்து, 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மழைக்காலத்துச் செடிக்கும் வறண்ட காலத்துப் புல்லுக்கும் உள்ளே இருக்கிற கார்பனில் லேசான வித்தியாசம் உண்டு. அதைவைத்து 20,000 வருஷத்துப் பருவமழையைப் பாஸ்புக் மாதிரிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டார்கள். வட துருவப் பனி உச்சத்தில் இருந்தபோது நீலகிரி வறண்டு கிடந்தது, சுமார் 10,000 வருஷத்துக்கு முன் மழை வலுத்தது என்பதெல்லாம் அந்தக் கறுப்புச் சேற்றில் எழுதியிருக்கிறது. தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல்லும் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் கேரட் போட்டால் கேரட் வரும். பாஸ்புக் போய்விடும்.

தண்ணீரை வடித்தால் என்ன ஆகும்? காற்று உள்ளே போகும். ஆயிரக்கணக்கான வருஷமாக மூச்சு முட்டிக் கிடந்த கிருமிகள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடும். டெபாசிட்டைப் பாதியில் உடைத்த கதைதான். கார்பன் எல்லாம் காற்றில். உலகத்தின் நிலப்பரப்பில் பீட் இருப்பது வெறும் 3 சதவீதம். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட இரு மடங்கு கார்பன் அதில் இருக்கிறது என்கிறார்கள். இந்தோனேஷியாவில் வடித்துக் காயப்போட்ட பீட் நிலம் 2015-ல் தீப்பிடித்தபோது, புகை கடல் தாண்டிப் போய் சிங்கப்பூரில் ஒரு நாள் பள்ளிக்கூடங்களையே மூடவைத்தது. உங்கள் சிங்கப்பூர் சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்கள், இருமிக் காட்டுவார்.

அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பீட்டை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள், கரண்ட்கூட எடுத்தார்கள். அந்த நாட்டு அரசு நிறுவனமான 'போர்ட் நா மோனா' 2021-ல் பீட் வெட்டுவதை முறைப்படி நிறுத்திவிட்டது. ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் விஸ்கிக்கான பார்லியை இன்றும் பீட் புகையில்தான் உலர்த்துகிறார்கள். அந்தப் புகை வாசனைக்குத்தான் அந்த விலை. (மாமா இந்த இடத்தில் மட்டும் மிகவும் கவனமாகக் கேட்டார்.)

ஆக, ஹாலந்துக்காரர் தன் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்குப் பீட்டைத் தவிர்த்து அரூர்த் தூளை வாங்கினால் எங்கோ ஒரு சதுப்பு பிழைக்கிறது. குப்பைக்கு விலை கிடைக்கிறது. எங்கள் மாமாவின் மட்டை உலகத்தைக் காப்பாற்றுகிறது! நான் இப்படிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது முதலாளி அடக்கமாகச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"எல்லாஞ் சரி மாப்ளே, வா, ஒண்ணு காட்டறேன்" என்றார்.

போகிற வழியில் தொட்டிகளைப் பார்த்தோம். தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. அதோடு டானின் என்கிற துவர்ப்புச் சமாசாரம். அப்படியே போட்டால் வேர் கருகும். அதனால் தூளை நல்ல தண்ணீரில் அலசவேண்டும். ஒரு தடவை அல்ல, பல தடவை. பேனா மாதிரி ஒரு மீட்டரை நனைத்துப் பார்க்கிறார்கள். உப்புக் கணக்கு 0.5-க்குக் கீழே இறங்கும் வரை அலசல். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கிற சோடியத்தைக் கழற்றி, மறுபடியும் அலசல். பிறகு களத்தில் வெயில். தர்மபுரி ஜில்லாவில் வெயிலுக்கா பஞ்சம்? தண்ணீருக்குத்தான்.

"ரொம்பத் தண்ணி ஆகுமே?" என்றேன்.

"வேஸ்ட் பண்றதில்ல சார். கடைசி அலசல் தண்ணிய அடுத்த லோடோட முதல் அலசலுக்கு எடுத்துக்குவோம்."

"முதல் அலசல் தண்ணி?"

முதலாளி காதைச் சொறிந்தார். "அது... பின்னாடி போகுது."

பின்னாடி என்பது மாமாவின் கிணறு.

எட்டிப் பார்த்தேன். சின்ன வயசில் லீவுக்கு வந்தால் நான் குதித்து நீச்சல் பழகிய கிணறு. அப்போது அடியில் கிடக்கும் கல் தெரியும். இப்போது இரண்டாம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. மாமா ஒரு வாளி இறைத்துக் காட்டினார். குனிந்து முகர்ந்தால் பழைய சாக்கு வாசனை.

"குடிக்கறதில்லையே?"

"குடிக்க ஒகேனக்கல் தண்ணி வருது. இது மரத்துக்குத்தான். ரெண்டு வருஷமா குரும்பை கொட்டுது. இதனாலதானான்னு யாருக்குத் தெரியும்?"

இந்த ஜில்லாவில் நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு. பல்லும் எலும்பும் பாழாகிறதே என்றுதான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து 2013-ல் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அந்த நிலத்துக்கு மேல் இந்த டிகாஷன் வேறு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சும்மா இருக்கவில்லை. முன்பு தென்னை நார்த் தொழில் 'வெள்ளை' வகை, அதாவது சாது. 2021-ல் அதை 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. அனுமதி வாங்கவேண்டும், கழிவு நீருக்கு வழி சொல்லவேண்டும். காகிதத்தில் நிறம் மாறிவிட்டது. கிணற்றில் மாற நாளாகும்.

"நீங்க போய்க் கேக்கலையா மாமா?"

"யாரைப் போய்க் கேக்கறது? மட்டை வித்தவனே நான்தானே!"

பி.காம். முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட். ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று இருந்தே தீரும். அயர்லாந்தில் சதுப்பு மிச்சம் என்று ஒரு பக்கம் எழுதினால், எதிர்ப் பக்கத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். அரூர் தாலுகாவில் மாமாவின் கிணறு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'சுற்றுச்சூழலுக்கு நண்பன்' என்று பச்சை இலை படம் போட்ட அந்த உறையில் இந்த என்ட்ரி இல்லை.

அதற்காக மில்லை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள். முன்பெல்லாம் வேலைக்கு பெங்களூருக்கோ திருப்பூருக்கோதான் பஸ் ஏறவேண்டும். தூள் வெளியூருக்குத்தான் என்றும் இல்லை. தர்மபுரிப் பக்கம் தக்காளி நாற்று விடுகிறவர்கள் குழித்தட்டில் நிரப்புவதும் இதைத்தான். முதல் அலசல் தண்ணீரைப் பிடித்துவைத்துச் சுத்தம் செய்யத் தனித் தொட்டி கட்ட என்ன ஆகும் என்று கேட்டேன். முதலாளி ஒரு தொகை சொன்னார். "கட்டிடுவேன் சார். ஆனா பக்கத்து மில்லுக்காரன் கட்டலைன்னா அவன் கட்டி விலை கம்மியா இருக்கும். ஹாலந்துக்காரன் அங்க போயிடுவான்." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

இன்னொரு வழியும் உண்டு; வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லிவருவது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரைக் கிலோ சிப்பிக் காளான் வித்து. தூள் ஓர் அடுக்கு, அதன் மேல் வித்து, அடுத்த அடுக்கில் யூரியா, இப்படி மாற்றி மாற்றிப் போட்டு நிழலில் ஈரமாக வைத்தால் ஒரே மாசத்தில் கறுப்பு எரு. மக்கவே மக்காது என்று பேர் வாங்கிய தூளைக் காளான் தின்றுவிடுகிறது. 112-க்கு ஒன்று என்றிருந்த கார்பன் - தழைச்சத்து விகிதம் 24-க்கு ஒன்று என்று இறங்கிவிடும். தன் எடையைப் போல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கிற சரக்கு. அரூர் மாதிரி வானம் பார்த்த நிலத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மாமா ஒப்புக்கொண்டார். "நல்ல எருதான். போட்டிருக்கேன். ஆனா இதுக்கு ஹாலந்துக்காரன் காசு குடுப்பானா?"

"மாட்டான்."

"பின்ன?"

மறுநாள் கிளம்பும்போது அத்தை மரவள்ளிக் கிழங்கு கட்டிக்கொடுத்தாள். மாமா ஒரு சாக்கு நிறையத் தூளைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. இனிமே காசு குடுத்து வாங்கினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போவுது." பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், என்ன பிசினஸ்?" என்றார். "எக்ஸ்போர்ட்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"இது அலசினதா?"

"இல்ல. இனிமேதான் அலசணும்."

பால்கனியில் வைத்து அலசினோம். முதல் பக்கெட் தண்ணீர் அசல் டிகாஷன். மாமா கிணற்று நிறத்துக்கு ஒரு பிடி தூக்கல். வாஷ்பேசினில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, இதை எங்கே ஊற்றுவது என்று இருவரும் மூன்றாவது மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தோம். நேர் கீழே மழை நீர் சேகரிக்கிற குழி. அதற்குப் பக்கத்தில் போர்வெல்.